மூன்று மாத்திரை

"போன் மட்டும் பண்ணாதீங்கக்கா, நானே பாத்துக்கறேன்" என்று எங்கள் சென்டருக்கு எச்.ஐ.வி. மருந்து வாங்க வந்த முதல் மாதமே அவள் சொல்லியிருந்தாள். நானும் தலையாட்டினேன். ஆனாலும் மருந்து வாங்க வரவேண்டிய தேதி தாண்டிய மூன்றாம் நாள் போன் போட்டேன். மாமியார் எடுத்தார். எச்.ஐ.வி. என்ற சொல்லே என் வாயில் வரவில்லை. "ஆஸ்பத்திரியிலிருந்து பேசறேம்மா, அவங்க இந்த மாசம் வரலை" என்றேன், அவ்வளவுதான். அந்த வீட்டில் அதுவே போதுமாக இருந்திருக்கிறது.

அடுத்த வாரம் வந்தாள். சண்டை போடவில்லை. பையிலிருந்து ஒரு பவுடர் டப்பாவை எடுத்து மேசையில் திறந்து வைத்தாள். உள்ளே மூன்று மாத்திரை. பக்கத்திலேயே, மருந்து டப்பாவில் ஈரம் உறிஞ்சுவதற்காகப் போட்டிருப்பார்களே, அந்தச் சின்னப் பொட்டலம். அதைக்கூட எடுத்து இதில் போட்டு வைத்திருக்கிறாள்.

"கம்பெனியில ஷிப்மெண்ட் வாரம்க்கா, லீவு போட முடியலை. மாத்திரையை ஒரு ராத்திரிகூட விடலை."

30 மாத்திரை கொடுத்து 28-ஆம் நாள் வரச் சொல்வோம். மிச்சம் இரண்டு இருக்கும். இலவச மருந்து தொடங்கிய 2004-லிருந்தே நாங்கள் மிச்ச மாத்திரையை எண்ணிப் பழகியவர்கள். தவறாமல் சாப்பிட்டது 95 சதவீதத்துக்கு மேல் என்றால் மனசு நிறைந்துவிடும். அந்த இரண்டை அவள் மாதாமாதம் சேர்த்து வைத்திருக்கிறாள். "எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"நீங்க எண்ணுனீங்க. கேக்கலையேக்கா."

வராதவர்களைக் கூப்பிடுவது என் வேலை. முந்தின வருஷம் ஒருவரைக் கூப்பிடாமல் விட்டு, நாலு மாதம் கழித்து டி.பி.யோடு ஸ்ட்ரெச்சரில் பார்த்தேன். அதற்குப் பிறகு என்னால் காத்திருக்க முடிவதில்லை. இன்றைக்கும் அப்படி ஒரு பெயர் பட்டியலில் இருந்தால் கூப்பிடத்தான் செய்வேன். ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பதை அவர் ஒப்புதல் இல்லாமல் யாரிடமும் சொல்லக் கூடாது என்கிறது 2017 எச்.ஐ.வி. சட்டம். நான் சொல்லவில்லையே என்று எத்தனையோ ராத்திரி எனக்குள் வாதாடியிருக்கிறேன். ஆனால் போன் வேண்டாம் என்று அவள் சொன்னதும் மருந்தைப் போலவே அவள் தன்னைப் பார்த்துக்கொண்ட ஒரு வழிதானே? அதை நான்தானே உடைத்தேன்?

இப்போது போன் எண்ணுக்குப் பக்கத்தில் யார் எடுப்பார்கள், எந்த நேரம் கூப்பிடலாம் என்று கேட்டு எழுதிக்கொள்கிறேன். அவள் விஷயத்தில் இது உதவியிருக்குமா, தெரியவில்லை. அவள்தான் கூப்பிடவே வேண்டாம் என்றாளே.

அன்றைக்கே வேறு ஊர் சென்டருக்கு மாற்றிக் கேட்டாள். காரணம் என்ற இடத்தில் 'வேலை மாற்றம்' என்று எழுதச் சொன்னாள். எழுதிக் கொடுத்தேன்.