மஞ்சள் அட்டை

சாவோ பாவ்லோ விமான நிலையம், இன்று விடியற்காலை. கோஸ்டா ரிகா போகும் வரிசையில் எனக்கு முன்னால் ஓர் இளம் தம்பதி.

கவுண்டரில் இருந்தவர் முதலில் கேட்டது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டையை. தேதியைப் பார்த்தார். விரல் விட்டு எண்ணினார்.

ஆறு நாள்தான் ஆகியிருந்தது.

பிரேசிலிலிருந்து போகிறவர்கள் ஊசி போட்டுப் பத்து நாளாவது ஆகியிருக்க வேண்டும். உடம்பில் எதிர்ப்புச் சக்தி உருவாக அவ்வளவு நாள் பிடிக்கும். அந்தப் பெண் வாதாடவில்லை. அட்டையில் பேனாவால் எழுதியிருந்த தேதியைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே நின்றார். எனக்குத் தொண்டை அடைத்தது.

அப்புறம் என் முறை. அட்டை, திரும்பும் டிக்கெட், இந்தியப் பாஸ்போர்ட்டில் பலமுறை நுழைவுக்கான அமெரிக்க விசா. அது இருந்ததால் தனி விசா தேவைப்படவில்லை. (இந்த விதிகள் மாறும். கிளம்பும் முன் தூதரகத்தில் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.) ஊசியை ஒருமுறை போட்டால் போதும், 2016 முதல் அந்தச் சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும். ஆகவே பயணம் முடிவானதுமே போட்டுவிடுங்கள்.

விதி கடுமைதான். ஆனால் 1948இல் பனாமாவில் தலைகாட்டிய இந்தக் காய்ச்சல், 1951இல் கோஸ்டா ரிகா காடுகளுக்குள் பரவியது. விடியலில் காடே அதிர முழங்கும் ஹவுலர் குரங்குகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. அந்த முழக்கத்தைக் கேட்கத்தான் நானும் போகிறேன்.

திரும்பிப் பார்த்தேன். இருவரும் பெட்டிமேல் உட்கார்ந்து, டிக்கெட்டை நான்கு நாள் தள்ளிப்போட முடியுமா என்று போனில் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.