தொட்டிக்குள் முளைத்த கோரை

2023 ஜூன் 11, ஞாயிறு. டர்பன், தென்னாப்பிரிக்கா

காலையில் மீன்தொட்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மான்கொம்புப் பவளத்தின் அடியில், கல் இடுக்கில், புதிதாக ஏதோ அசைந்தது. தேன் நிறத்தில் மெல்லிய தண்டு. அதன் தலையில் கண்ணாடி இழைகளை விரித்துக் கட்டியதுபோல் உணர்கொம்புகள். துணியின் நிழல் பட்டதுமே சுருங்கித் துளைக்குள் போய்விட்டது.

ஐப்டேசியா. பூப்போல விரியும் கடல் உயிரான கடற்சாமந்தி இனத்தில் இது களை. சென்ற மாதம் வாங்கிய பவளத் துண்டு ஒட்டியிருந்த கல்லோடு வந்திருக்க வேண்டும். அந்தக் கல்லை அன்றே கழற்றி எறிந்திருக்க வேண்டும், சோம்பல்பட்டேன். எண்ணிப் பார்த்ததில் மூன்று இருக்கின்றன.

300 லிட்டர் தொட்டி இது, ஐந்து வருட உழைப்பு. டர்பனுக்கு வடக்கே சோட்வானா விரிகுடாவில் முதன்முதலாகக் கடலுக்குள் இறங்கிப் பவளத்தைப் பார்த்துவிட்டு வந்த கையோடு ஆரம்பித்தேன். அந்தக் கடலிலிருந்து ஒரு கல்லைக்கூட எடுக்கக் கூடாது. என்னிடம் இருப்பவை எல்லாம் வீடுகளில் வளர்ப்பவர்களிடம் வாங்கிய ஒடித்த துண்டுகள். விரல் நுனி அளவில் வந்தவை இன்று உள்ளங்கை அகலத்துக்குக் கிளைத்திருக்கின்றன. அதனால்தான் வயிறு கலங்குகிறது.

ஜூன் 14, புதன்

பம்புகளை நிறுத்திவிட்டு இடுக்கியால் பிடித்து இழுத்தேன். இரண்டு அறுந்து வந்தன. மூன்றாவதைக் கத்தியால் சுரண்டினேன். சுரண்டச் சுரண்ட உடம்பிலிருந்து வெள்ளை நூல்களைக் கக்கியது. ஒழிந்தது என்று படுக்கப் போகிறேன்.

ஜூலை 2, ஞாயிறு

ஒழியவில்லை. 21 இருக்கின்றன.

பிய்த்த இடத்தைச் சுற்றிக் கடுகு கடுகாகக் குஞ்சுகள். பாதத்தின் ஒரு துணுக்கு கல்லில் ஒட்டியிருந்தால் போதும், அது தனி உயிராக முளைத்துவிடும். யாரும் தொடாவிட்டாலும், நகர்கிற வழியில் துணுக்குகளை விட்டுக்கொண்டே போவது இதன் இயல்பு. கத்தியை எடுப்பதற்கு முன் ஒரு மணி நேரம் படித்திருந்தால் இது தெரிந்திருக்கும்.

ஆயா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். என் மனைவியின் பாட்டி அவர். இந்த ஊர்த் தமிழர் வீடுகளில் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுகிறார்கள். டொங்காட் பக்கத்துக் கரும்புத் தோட்டத்தில் வளர்ந்தவர்.

"இது கோரை, தம்பி. மேலே பிடுங்கினால் கீழே கிழங்கு நிற்கும். ஒன்றைக் கொத்தினால் பத்தாகும் என்று எங்கள் அப்பா சொல்வார்."

மான்கொம்பின் ஒரு கிளையில், உணர்கொம்பு உரசுகிற பக்கம் மட்டும், சதை உரிந்து வெள்ளை எலும்பு தெரிகிறது. ஓர் அரிசி நீளம் இருக்கும். மறுபக்கம் அதே இளஞ்சிவப்பு.

ஜூலை 8, சனி

ஐப்டேசியாவைத் தின்னும் பெப்பர்மின்ட் இறால் என்று சொல்லி நான்கு கொடுத்தார்கள். தொட்டியில் விட்டாயிற்று.

ஜூலை 13, வியாழன்

இரவு பதினொரு மணிக்குச் சிவப்பு விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். ஐப்டேசியாக்களை அவை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மொட்டுப் பவளக் கூட்டத்தின்மேல் உட்கார்ந்து கொறித்துக்கொண்டிருந்தன.

ஒன்றைக் கண்ணாடியோரம் வரும்வரை காத்திருந்து உற்றுப் பார்த்தேன். முதுகில் கூன். பெரிய கண். சிவப்புக் கோடுகளுக்கு இடையே பளிச்சென்ற வெள்ளைக் கோடுகள். மூக்கு முள் கீல் வைத்ததுபோல் மேலும் கீழும் அசைகிறது. பெப்பர்மின்ட் இறாலுக்கு அந்த வெள்ளைக் கோடும் கிடையாது, முள்ளும் அசையாது. இது ஒட்டக இறால், ரைங்கோசினெட்டஸ் டர்பனென்சிஸ். 1936இல் இசபெல்லா கார்டன் விவரித்துப் பெயரிட்ட இனம். நம் டர்பனின் பெயரையே தாங்கியிருக்கிறது. அழகான உயிர்தான். ஆனால் பவளத் தொட்டியில் வைக்க முடியாது. இரண்டுக்கும் வேறுபாடு தெரியாமல் விற்பது பெரிய தவறு என்று கடையில் சொல்லித் திருப்பிக் கொடுக்கப் போகிறேன்.

ஜூலை 23, ஞாயிறு

ஆடி ஞாயிறு. கோயிலில் கூழ் குடித்துவிட்டு வந்து, மதியம் சுண்ணாம்பை எடுத்தேன்.

கால்சியம் ஹைட்ராக்சைடு. ஆயாவின் வெற்றிலைப் பெட்டியில் இருப்பதும் இதே பொருள்தான், ஆனால் அதில் வாசனை ஏதும் கலந்திருக்கலாம் என்பதால் தொட்டிக்கென்றே விற்கும் சுத்தமான தூளை வாங்கியிருந்தேன். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். குழைத்த சுண்ணாம்பின் பிஎச், அதாவது காரத்தின் அளவு, 12ஐத் தாண்டும், கண்ணில் பட்டால் பார்வை போகும். சொட்டுச் சொட்டாக நீர் விட்டுக் கெட்டித் தயிர்ப் பதத்துக்குக் குழைத்து, மழுங்கிய ஊசி மாட்டிய சிரிஞ்சில் ஏற்றினேன். பம்புகளை நிறுத்தினேன்.

நிழல் விழாமல் பக்கவாட்டில் கையை நகர்த்த வேண்டும். ஐப்டேசியாவின் வாயின்மேல் ஒரு பொட்டு வைத்தால் தீனி என்று நினைத்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. உணர்கொம்புகள் ஒவ்வொன்றாக மடிந்து மூடுகின்றன. உடனே துளை வாய் அடையும்படி மேலே இன்னொரு பூச்சு. சிறிது நேரத்தில் தேன் நிறம் மங்கிச் சாம்பலாகிவிட்டது. அரை மணி நேரம் கழித்துப் பம்பை ஓடவிட்டேன். ஒரு நாளைக்கு ஐந்து என்று வைத்துக்கொண்டேன். மொத்தமாக அடித்தால் தொட்டி நீரின் பிஎச் ஏறி மீன்கள் திணறும். இன்று 8.1இலிருந்து 8.3 ஆனது. மூன்று நாள் விட்டுத்தான் அடுத்த ஐந்து.

நான் தூத்துக்குடிக்காரன். மன்னார் வளைகுடாவில் பவளப்பாறையை வெட்டிக் கரைக்குக் கொண்டுவந்து, சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்கிய காலம் உண்டு. 2001இல்தான் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. பவளத்தைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்த ஊரில் பிறந்த நான், பவளத்தைக் காப்பாற்றச் சுண்ணாம்பு குழைக்கிறேன். கை நடுங்காமல் பிடித்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 9, புதன். பெண்கள் தின விடுமுறை

மாலை இரண்டு மணி நேரம் மின்வெட்டு. பேட்டரிக் காற்றுப் பம்பு ஓடியது. இருட்டில் செய்ய ஒன்றுமில்லாததால் யோசித்தேன்.

ஐப்டேசியா ஏன் இத்தனை செழிப்பாக வளர்ந்தது? அதன் சதைக்குள் நுண்பாசி குடியிருக்கிறது, வெளிச்சத்திலேயே பாதி வயிறு நிரம்பும். மீதிக்கு நாங்கள் போட்ட தீனி. தினம் இரண்டு வேளை உறைந்த இறால் போடுவது மகளின் வேலை. மீன்கள் விட்டது எல்லாம் கல் இடுக்குக்குத்தான் போயிருக்கிறது. தீனிக் கழிவால் நீரில் சேரும் நைட்ரேட் சென்ற மாதம் 20 காட்டியது. ஒரு வேளையாகக் குறைத்து, இறாலை வடிகட்டியில் அலசிப் போடச் சொன்னேன். மகளுக்கு வருத்தம். இப்போது அளவு 8.

வேறொரு கடையில், கண்ணாடியோரம் நின்று கோடுகளைப் பார்த்த பிறகே, உண்மையான பெப்பர்மின்ட் இறால் இரண்டு வாங்கினேன். சுண்ணாம்புக்கு எட்டாத குஞ்சுகள் இரவோடு இரவாகக் காணாமல் போகின்றன. பெரியவற்றை இறால்கள் தொடுவதில்லை. பெரியவை என் பொறுப்பு.

செப்டம்பர் 3, ஞாயிறு

கற்களில் ஒன்றும் இல்லை. விளக்கைப் பிடித்து மூன்று முறை பார்த்தேன். மான்கொம்பின் வெள்ளை எலும்புமேல் ஓரத்திலிருந்து சதை ஏறி வருகிறது; அரிசி நீளத்தில் பாதி மூடிவிட்டது.

ஆயாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பவளத்தைப் பார்த்தார். பிறகு தொட்டியின் பின்பக்கம் எட்டிப் பார்த்து, நீர் வழிந்து இறங்கும் பெட்டிக்குள் விரலை நீட்டினார்.

"தம்பி, இங்கே ஒன்று."

இருந்தது. சிரிஞ்சு எட்டாத மூலையில், நன்றாக விரிந்து. நாளை வேலை முடிந்து வரும்போது நீளமான குழாய்த் துண்டு ஒன்று வாங்கி வர வேண்டும்.