அம்மப்பாவின் தாக்கத்தி

மட்டக்களப்பின் பெரியகல்லாற்றில் எங்கள் பழைய வீட்டுப் பரணில் உரப்பையால் சுற்றிக் கிடந்த அம்மப்பாவின் தாக்கத்தியை, அதாவது நெல் வெட்டும் அரிவாளை, கடந்த மாதம் கீழே இறக்கினேன். 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஊருக்குள் புகுந்தபோது சேற்றில் புதைந்து, பிறகு அம்மாவின் கைக்கு அகப்பட்ட கத்தி அது. அம்மா அதைக் கழுவித்தான் வைத்தார். ஆனால் அந்த நாட்களில் எங்கள் கிணற்று நீரே உப்பாகிப் போயிருந்தது. இரும்பின் குழிகளுக்குள் உப்புத் தங்கிவிட்டால், மேல் துருவை எத்தனை முறை தேய்த்தாலும் ஈரக்காற்றுப் பட்டவுடன் அது மீண்டும் பூக்கும்.

முதல் நாள் நான் செய்தது தவறு. கிரைண்டரில் கம்பித் தூரிகையைப் பூட்டி நுனியிலிருந்து தேய்க்கத் தொடங்கினேன். இரண்டு அங்குலம் வருவதற்குள் இரும்பில் நீலம் ஓடிவிட்டது. நீலம் தெரிந்தால் இரும்பு ஏறத்தாழ 300 பாகை செல்சியஸ் வரை சூடேறியிருக்கிறது என்று பொருள். விளிம்பு கடினமாவதற்காகக் கொல்லர் காய்ச்சித் தோய்த்துப் போட்ட துவைச்சல் அந்த இடத்தில் இளகிவிடும். கையை உடனே நிறுத்தினேன். அந்த இரண்டு அங்குலத்தை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

வினாகிரியில் ஊறவைக்கலாம் என்று சிலர் சொன்னதால் முதலில் ஒரு பழைய தேங்காய்க் கத்தியை ஓர் இரவு ஊறவைத்துப் பார்த்தேன். துரு போனது, ஆனால் அமிலம் நல்ல இரும்பையும் தின்று விளிம்பைச் சொரசொரப்பாக்கிவிட்டது. ஆகவே தாக்கத்திக்கு மின்சார முறையைத் தெரிந்தெடுத்தேன். பிளாஸ்டிக் வாளியில் லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி வீதம் சலவைச் சோடாவைக் கரைத்து, 12 வோல்ற் பற்றரி சார்ஜரின் எதிர் முனையைக் கத்தியிலும் நேர் முனையை ஒரு கொங்கிறீற்றுக் கம்பித் துண்டிலும் கொளுவினேன். கம்பிக்குப் பதிலாகத் துருப்பிடிக்காத உருக்கைப் போடக்கூடாது. அதிலுள்ள குரோமியம் நஞ்சாக நீரில் கலந்துவிடும். கத்தியிலிருந்து ஐதரசன் குமிழ்கள் எழும்பும் என்பதால் வாளியைத் திறந்த முற்றத்திலேயே வைத்தேன். இம்முறையில் துரு இளகுவதோடு குழிகளில் இருந்த உப்பும் வெளியேறுகிறது. சோடா நீரை மூன்று தடவை மாற்றினேன்.

மூன்றாம் நாள் கறுத்த படிவைத் துணியால் வழித்தபோது, விளிம்பு நெடுகிலும் மயிர் போன்ற சரிந்த கோடுகள் தெரிந்தன. கொல்லர் சிற்றுளியால் ஒவ்வொன்றாக வெட்டிய பல்லுகள் அவை. ஆனால் கத்தியை வலக்கையில் பிடித்துப் பார்த்தால் கோடுகள் வானத்தைப் பார்த்தன. வேளாண்மை வெட்டும் தாக்கத்தியில் அவை நிலத்தையல்லவா பார்க்க வேண்டும்?

குருமண்வெளியில் வாவியைக் கடக்கும் மிதவைப் பாதையில் ஏறி மண்டூருக்குப் போய், அங்கே ஒரு வயதான கொல்லரிடம் காட்டினேன். அவர் கத்தியை ஒரு தடவைதான் திருப்பினார். "இது இடக்கைக்காரன்ட கத்தி மனே. சொல்லிச் செய்வித்திருக்கிறார்," என்றார். அன்று இரவே பெரிய மாமாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். "அப்பா வலக்கையால செய்தது சோறு தின்றது மட்டும்தான், வெட்டினது, கொத்தினது எல்லாம் இடக்கையாலதான்," என்றார். அம்மப்பாவை நான் கண்டதில்லை. அவரைப் பற்றி வீட்டில் எவரும் எனக்குச் சொல்லாத ஒன்றை அந்தக் கோடுகள் சொல்லிவிட்டன.

தீட்டும் முறையையும் அந்தக் கொல்லரே காட்டித் தந்தார். கோடு வெட்டிய பக்கத்தில் கல்லோ அரமோ படவே கூடாது. மறுபக்கத்துச் சரிவை மட்டும் தண்ணீர் விட்டுக் கல்லில் மெதுவாகத் தீட்டிக்கொண்டு போனால், விளிம்பு மெலிந்து கோட்டின் அடியைத் தொடும் இடத்தில் புதுப் பல்லு தானாகவே பிறக்கிறது; கோட்டின் ஆழம் தீரும்வரை எத்தனை போகத்துக்கும் அப்படியே தீட்டலாம். மூன்று பின்னேரங்கள் அதிலேயே போயின. பெருவிரல் நகத்தை விளிம்பின்மேல் இலேசாக வைத்து இழுத்தபோது, வழுக்காமல் நறநறவென்று பிடித்தது.

பிடியை மாற்றவில்லை. பித்தளைப் பூணுக்குள் உதிர்ந்திருந்த பழைய அரக்கைச் சுரண்டி எடுத்து, புது அரக்கை உருக்கி ஊற்றிக் காம்பை இறுக்கினேன். மரத்தில் இடப் பெருவிரல் தேய்த்த பள்ளம் இருக்கிறது. மண்கடதாசியை அதன் அருகேகூடக் கொண்டுபோகவில்லை. தேங்காய் எண்ணெய் காயாமல் சிக்குப் பிடிக்கும் என்பதால், லின்சீட் எண்ணெயை மெல்லிய பூச்சாக இரண்டு தடவை பூசிக் காயவிட்டேன்.

வயல் வட்டையில் அறுவடை இயந்திரம் திரும்ப முடியாமல் விட்டுச் சென்ற ஒரு மூலையில், நேற்று இடக்கையால் நாலு பிடி வெட்டிப் பார்த்தேன். என் கைக்குப் பழக்கமில்லை, ஆனாலும் தாள் வழுக்காமல் அறுபட்டது. நுனியின் இரண்டு அங்குலத்தில் மட்டும் விளிம்பு மழுங்கி மடிகிறது. முழுக் கத்தியையும் உலையில் வைத்து மறுபடி துவைச்சல் போட்டால் பழைய கோடுகள் கருகி உதிரக்கூடும் என்று கொல்லர் சொன்னதால், அந்த நுனியை அப்படியே விட்டிருக்கிறேன்.