எட்டு என்றால் எட்டு ட்ரே இல்லை

மகனின் பத்தாவது பிறந்தநாளுக்கு வந்தவர்கள் நாற்பது பேர். அதில் பெரியவர்கள் எல்லாரும் சாப்பிட்டது ரவா உப்புமா. "ஓல்ட் ஃபோர்ஜ் பீட்சா, வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு வாருங்கள்" என்று ஒரு வாரமாக வாட்ஸப் குழுவில் பீற்றிக்கொண்டவன் நான்தான். இன்றைக்கும் இந்தப் பக்கத்துத் தமிழர்கள் யாராவது எதிரில் வந்தால், வணக்கத்துக்கு முன்னால் உப்புமாவை விசாரிக்கிறார்கள். எங்கே தப்பு நடந்தது என்று எழுதி வைத்துவிடுகிறேன். அடுத்து மாட்டுகிறவருக்காவது உதவட்டும்.

நாங்கள் இருப்பது பென்சில்வேனியாவில், ஸ்க்ராண்டனுக்கு வடக்கே. நியூ ஜெர்சியின் எடிசன் ஊரிலிருந்து வேலை மாற்றலில் வந்து இரண்டு வருடம் ஆகிறது. ஸ்க்ராண்டனைத் தாண்டிக் கொஞ்சம் தெற்கே போனால் ஓல்ட் ஃபோர்ஜ். 8,000 பேருக்குச் சற்று மேல் வசிக்கும் சின்ன ஊர். தன்னை 'உலகத்தின் பீட்சாத் தலைநகரம்' என்று சொல்லிக்கொள்கிற தைரியம் அதற்கு உண்டு. மெயின் ஸ்ட்ரீட்டில் நடந்தால் ஒரு கடையின் வாசனை முடிகிற இடத்தில் அடுத்த கடையின் வாசனை தொடங்கிவிடும். பெரும்பாலும் குடும்பக் கடைகள். பாட்டி கல்லாவில், மகன் அடுப்பில், பேத்தி தொலைபேசியில்.

அந்தப் பீட்சா வட்டமாக இருக்காது. நீள்சதுரத் தட்டில் எண்ணெய் தடவி, மாவை அதிலேயே பொங்கவிட்டுச் சுடுகிறார்கள். அடி மொறுமொறு, உள்ளே பஞ்சு. வெங்காயம் போட்ட, லேசாக இனிக்கும் தக்காளிச் சாறு. சீஸ் மட்டும் கடைக்குக் கடை வேறு. எதையெதைக் கலக்கிறார்கள் என்று கேட்டால் சிரிப்பார்களே தவிரச் சொல்லமாட்டார்கள். ரெட் என்றால் இது. ஒயிட் என்றால் சாறு கிடையாது, மேலும் கீழும் மாவு, நடுவில் சீஸ், மேலே ரோஸ்மேரி. சாப்பிட்டுப் பழகிவிட்டால் மற்ற பீட்சா எல்லாம் அட்டைதான்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாத விஷயம் இரண்டு. முதலாவது, தவக்காலம், அதாவது ஈஸ்டருக்கு முன்னால் கிறிஸ்தவர்கள் நோன்பு இருக்கும் நாட்கள்.

2025 மார்ச் 7, வெள்ளிக்கிழமை. பிறந்தநாளுக்கு ஒரு வாரம் முன்னால், ருசி பார்த்து ஆர்டரும் கொடுத்துவிடலாம் என்று சாயங்காலம் ஐந்தரைக்குக் கிளம்பினேன். கிளம்பும் முன் நாலைந்து முறை கூப்பிட்டேன், தொலைபேசி ஓயாமல் பிஸி. கடையில் கூட்டம் என்று அப்போதே உறைத்திருக்க வேண்டும். போய்ப் பார்த்தால் வாசலுக்கு வெளியே வரிசை. இருபது நிமிடம் குளிரில் நின்று உள்ளே போனதும் ஒரே பதில்: "இன்றைக்கு மாவு முடிந்தது." பக்கத்துக் கடையில் இரண்டு மணி நேரம் ஆகுமாம். மூன்றாவது கடையில் கதவைத் திறந்ததுமே ஒருவர் தலையாட்டிவிட்டார். வெறுங்கையோடு வீடு திரும்பினேன். போக வர ஒரு மணி நேரம் வீண், வழியில் தண்டத்துக்கு ஒரு பர்கர்.

எதிர்வீட்டுப் பெரியவர்தான் விளக்கினார். அவருக்கு எழுபத்தைந்து வயது, இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர். திருநீற்றுப் புதன் அன்றும் தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளிலும் கத்தோலிக்கர்கள் இறைச்சி தொடமாட்டார்கள். இத்தாலி, போலந்து, அயர்லாந்து என்று சுரங்க வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நிறைந்த பகுதி இது. இறைச்சி இல்லை என்றால் பீட்சா. அந்த ஆறேழு வெள்ளிகள்தான் கடைக்காரர்களுக்குத் தீபாவளி. வெள்ளிக்கிழமை கவிச்சி கூடாது என்று அம்மா வீட்டில் முப்பது வருடம் வளர்ந்தவன் நான். அடுத்த வீட்டுக்காரனுக்கும் அப்படி ஒரு வெள்ளி இருக்கும் என்று தோன்றவே இல்லை.

"முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், ஹெய்னா?" என்றார். ஹெய்னா என்பது இந்தப் பக்கத்துப் பேச்சு. 'இல்லையா?' என்று அர்த்தம். முதல் வருடம் முழுக்க இவர் எங்கோ இந்தி படித்திருக்கிறார் என்றே நினைத்திருந்தேன்.

விருந்தைச் சனிக்கிழமைக்கு மாற்றியிருந்தால் இந்தப் பதிவுக்கே வேலை இல்லை. ஆனால் மார்ச் 14 அன்று பிறந்தவனுக்கு அந்த நாள் உயிர். மூன்றாம் மாதம் பதினான்கு, அதாவது 3.14. வட்டக் கணக்கில் வரும் பையின் மதிப்பு. அதனால் பை தினம். பள்ளியிலும் கொண்டாட்டம். முழு வட்டப் பீட்சாவுக்கும் அமெரிக்காவில் பை என்றுதான் பேர். பை தினத்தில் பீட்சா பை வெட்டியே தீருவேன் என்று நின்றான். வட்டமே இல்லாத பீட்சாவில் பை எங்கேடா வருகிறது என்று கேட்டேன், காதில் வாங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஆர்டர் கொடுக்கப் போனேன். கடை விடுமுறை. திங்களும் செவ்வாயும் திறக்கமாட்டார்களாம், கதவில் தாள் ஒட்டியிருந்தது. வீண் பயணம் இரண்டு. புதன் மதியம் ஒருவழியாக லைன் கிடைத்தது. எடுத்தவள் சின்னப் பெண், பின்னால் பாத்திரச் சத்தம். நடந்த உரையாடலை வார்த்தை மாறாமல் சொல்கிறேன், ஏனென்றால் இதை மனதுக்குள் நூறு முறை ஓட்டிப் பார்த்துவிட்டேன்.

"வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு எட்டு லார்ஜ் பை வேண்டும்."

"எங்களிடம் பை கிடையாதே."

"சரி, ரெட். எட்டு ரெட்."

"எட்டு ரெட். வேறே?"

"அவ்வளவுதான்."

"பதினெட்டு டாலர் சொச்சம். ரொக்கம் மட்டும். பேர்?"

பெயர் பாலு. இரண்டு முறை எழுத்துக்கூட்டிச் சொன்னேன். பதினெட்டு டாலர் என்பது ஒன்றின் விலை என்று எடுத்துக்கொண்டேன். எட்டுக்கும் சேர்த்து அவள் ஏன் சொல்லவில்லை என்று ஒரு நொடி தோன்றியது. பெருக்கத் தெரியாத பெண் போல என்று நினைத்தேன் பாருங்கள், அந்தத் திமிருக்குத்தான் பின்னால் அனுபவித்தேன். கூட்டிக் கழித்து நூற்றைம்பது டாலருக்கு மேல் ஏ.டி.எம்.மில் எடுத்து வைத்துக்கொண்டேன். ரொக்கம் விஷயத்தில் மட்டும் நான் உஷார்.

வெள்ளிக்கிழமை ஐந்தே முக்காலுக்கே போய்விட்டேன். வேனின் பின் இருக்கையை மடக்கி, எட்டுப் பெட்டி வைக்கப் பழைய ஜமுக்காளம் விரித்திருந்தேன். வரிசை தெருமுனை வரை. ஆறேகாலுக்குக் கல்லாவை அடைந்தேன். பாலு என்று ஒரு ஆர்டரும் இல்லை. எனக்குக் கால் நடுங்கிவிட்டது. பாட்டி சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டி, "பால் என்று ஒன்று இருக்கிறது" என்றார். நம்மூர்ப் பால் இல்லை, பைபிளில் வரும் பவுல். சரி, அதுதான் நான் என்றேன். உள்ளேயிருந்து ஒரு பெட்டி வந்தது. கையில் வாங்கினேன். மற்ற ஏழு எங்கே என்று எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"அவ்வளவுதான், ஹனி."

திறந்து பார்த்தால் எட்டுத் துண்டு.

ஓல்ட் ஃபோர்ஜில் முழுப் பீட்சாவுக்குப் பெயர் ட்ரே. துண்டுக்குப் பெயர் கட். பை, ஸ்லைஸ் இரண்டும் அங்கே செல்லாக்காசு. ட்ரே என்ற சொல்லைச் சொல்லாமல் வெறுமனே எட்டு ரெட் என்றால், அந்தப் பெண் எட்டு கட் என்று எழுதிக்கொள்வாள். எழுதிக்கொண்டாள். எனக்குத் தெரியாத இரண்டாவது விஷயம் இதுதான்.

நான் கத்தினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நாற்பது பேர் வீட்டில் காத்திருக்கிறார்கள், நீங்கள் திருப்பிக் கேட்டிருக்க வேண்டாமா என்று. பேத்தி, பதினாறு வயது இருக்கும், தொலைபேசியைக் காதில் வைத்தபடியே வெளிறிப்போனாள். பாட்டி அசரவில்லை. "ட்ரே என்று சொன்னீர்களா?" என்று ஒரே கேள்வி. சொல்லவில்லை. பின்னால் வரிசையில் நின்ற ஒருவர் இருமினார். இன்னொருவர் கடிகாரம் பார்த்தார்.

புதிதாகச் சுட்டுத் தர வழியில்லை. கடைக்காரருக்கு மனம் இருந்தாலும் முடியாது. காலையில் எத்தனை தட்டில் மாவு பொங்க வைத்தார்களோ அத்தனைதான் அன்றைய வியாபாரம். எட்டு மணிக்கு மேல் மெஸ்ஸில் போய் இட்லி கேட்டால் மாவு இல்லை என்பார்களே, அதேதான். ஆனால் பாட்டி உள்ளே போனார். குளிர்பெட்டி திறக்கும் சத்தம். பாதி வெந்த ட்ரே மூன்றோடு வந்தார். சில கடைகளில் இப்படிக் கேட்டால் தருவார்கள், வீட்டில் வைத்துச் சுட்டுக்கொள்ளலாம். மூன்று பெட்டி மேலும் நேரத்தையும் சூட்டையும் பேனாவால் எழுதி, "தட்டில் எண்ணெய் தடவ மறக்காதீர்கள்" என்றார்.

கணக்கு இப்படி வந்தது. ஒரு ட்ரேக்கு 12 கட், மூன்றுக்கு 36, கையிலிருந்த எட்டோடு 44. நாற்பது பேர். தலைக்கு ஒன்று, மிச்சம் நான்கு. காரிலிருந்து மனைவியைக் கூப்பிட்டேன். மறுமுனையில் ஐந்து நொடி மௌனம். அப்புறம் மாமியாரின் குரல்: "ரவை இருக்கு, மாப்பிள்ளையை மெதுவா வரச் சொல்லு." அந்த மெதுவாவில் எவ்வளவு இருந்தது என்பது எனக்குத்தான் தெரியும்.

முதல் ட்ரேயைச் சுடும்போது அவசரத்தில் எண்ணெய் தடவ மறந்தேன். சுரண்டி எடுத்தோம். அடுத்த இரண்டும் அருமையாக வந்தன. பிள்ளைகளுக்கு மட்டும் என்று முடிவானதும் புதுச் சண்டை. மூன்றுக்கு நான்காக வெட்டிய ட்ரேயில் மூலைத் துண்டு நான்கு, ஓரத்துண்டு ஆறு, நடுத்துண்டு இரண்டு. மூலைதான் மொறுமொறுப்பு. யாருக்கு மூலை என்று சீட்டுக் குலுக்கினார்கள். மகன் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டு, வட்டப் பீட்சாவில் இந்தச் சண்டையே வராது, அதனால் பைதான் நியாயமான வடிவம் என்று அறிவித்தான். பெரியவர்கள் உப்புமாவை இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்கள். நன்றாகத்தான் இருந்தது. மாமியார் அதை இன்றுவரை தினம் ஒருமுறை நினைவூட்டுகிறார்.

மறுநாள் எதிர்வீட்டுப் பெரியவரிடம் புலம்பினேன். கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவர் அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 1959 ஜனவரியில் சஸ்கெஹானா ஆறு சுரங்கத்தின் மேல்தளத்தை உடைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்து 12 பேரைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு இந்தப் பக்கத்தில் ஆழ்சுரங்க வேலை எழுந்திருக்கவே இல்லை. அப்பாவுக்கு வேலை போய், அம்மா தையல் ஆலைக்குப் போனாராம். சம்பள நாளில் வீட்டுக்கு ஒரு ட்ரே வரும். ஏழு பேருக்குப் பன்னிரண்டு கட், அப்பாவும் அம்மாவும் ஆளுக்கு ஒன்று, ஐந்து பிள்ளைகளுக்கு இரண்டிரண்டு. "கையில் காசு இல்லாதவன் கட் வாங்குவான். நீ நூற்றைம்பது டாலரைப் பையில் வைத்துக்கொண்டு கட் கேட்டிருக்கிறாய்" என்றார்.

அவர் சொல்லிக் கொடுத்தபடியே ஏப்ரலில் மறுபடி முயன்றேன். புதன் மதியம் இரண்டிலிருந்து மூன்றுக்குள் கூப்பிட வேண்டும், அப்போதுதான் அவர்களுக்கு மூச்சு விட நேரம். ட்ரே என்ற சொல்லை முதலில் சொல்லிவிட்டு எண்ணைச் சொல்ல வேண்டும். மொத்தத் தொகையைக் கேட்டு, அதை நாமே வகுத்துப் பார்க்க வேண்டும். ஆறு மணி என்றால் எல்லாரும் ஆறு மணி என்பார்கள், ஐந்தேகால் கேட்டால் சிரமமில்லாமல் கிடைக்கும். ஆர்டரைத் திருப்பிப் படிக்கச் சொல்லக் கூச்சப்படக் கூடாது. சைவக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: சாற்றில் இறைச்சி உண்டா என்று ஒவ்வொரு கடையிலும் தனியாகக் கேளுங்கள். என் மாமியாருக்காக நான் கேட்டபோது, "தவக்கால வெள்ளியில் யார் போடுவார்கள்?" என்று பேத்தி அதிர்ச்சியானாள். மற்ற நாளைக்கு அந்தப் பதில் செல்லாது. புனித வெள்ளி பக்கம் தலைவைத்துப் படுக்க வேண்டாம்.

உப்புமா சாப்பிட்டவர்களுக்குப் பிராயச்சித்தமாக ஏப்ரல் 11 அன்று ஐந்து ட்ரே, அதில் ஒன்று ஒயிட். ஐந்து பத்துக்குப் போனேன். போன தடவை கத்தியதற்குப் பாட்டியிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று வழியெல்லாம் வாக்கியம் தயார் செய்திருந்தேன். வாயைத் திறக்கும் முன் அவர் உள்பக்கம் திரும்பி, "பால் வந்தாச்சு!" என்று கூவினார். ஐந்து பெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக வந்தது. மேல் பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டில் பேத்தியின் கையெழுத்து: பால், ஐந்து ட்ரே. ட்ரேக்குக் கீழே மூன்று கோடு போட்டிருந்தாள்.