சுசீந்திரத்தில் கைமுக்கு

படைத்தவனுக்குக் கோயில் அபூர்வம். எங்கள் ஊர்ப்பக்கம் பிரம்மாவைக் கும்பிட வேண்டுமென்றால் சுசீந்திரம்தான். அடியில் அயன் என்கிற பிரம்மா, நடுவில் மால், மேலே தாணு என்கிற சிவன் என்று மூவரும் ஒரே லிங்கமாக நிற்கும் தாணுமாலயன் சன்னதி. மார்கழித் திருவிழாக் கூட்டம் ஓய்ந்த பிறகு அக்காள் மகனோடு போயிருந்தேன். நாகர்கோவிலில் இயற்பியல் எம்.எஸ்ஸி. படிக்கிறான். தெப்பக்குளத்தங்கரையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டான்.

“பிரபஞ்சம் எப்பிடித் தொடங்குச்சுன்னு கண்டுபுடிச்சாச்சுல்லா சித்தி. இனி அயனுக்கு என்ன சோலி?”

“மொதல்ல சட்டையக் கழத்து மக்ளே, உள்ள போணும்.”

அலங்கார மண்டபத்து இசைத்தூண்கள் அவன் வாயைக் கொஞ்ச நேரம் அடைத்தன. ஒரே கல்லில் குடைந்த கொத்துக் கொத்தான தூண்கள். தட்டினால் ஒவ்வொன்றும் ஒரு சுரம். தூணின் கனமும் நீளமும் அதிர்வை எப்படி மாற்றும் என்று விளக்கினான். நன்றாகவே விளக்கினான். அதைக் கேட்டபின் அந்தச் சிற்பிமேல் எனக்கு மதிப்பு கூடியதே தவிர குறையவில்லை. பதினெட்டடி ஆஞ்சநேயருக்கு அன்று வெண்ணெய்க் காப்பு. அவர் முன்னால் நின்றபோது மட்டும் இரண்டு பேரும் பேசவில்லை.

பிரகாரத்தில் உட்கார்ந்ததும் அவனுக்குக் கைமுக்கைப் பற்றிச் சொன்னேன். இதே கோயிலில் ஒரு காலத்தில் தெய்வத்தைச் சாட்சிக்கு அழைத்திருக்கிறார்கள். குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரி கொதிக்கும் நெய்யில் கையை முக்க வேண்டும். கட்டுப் போட்டு, பிறகு அவிழ்த்துப் பார்ப்பார்கள். வெந்திருந்தால் குற்றவாளி. அகலிகையால் வந்த பழி தீர இந்திரனே இங்கே கொதிநெய்யில் மூழ்கினான் என்கிற தலபுராணம் வேறு அதற்குத் துணை. திருவிதாங்கூரில் சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில் நிறுத்தினார்கள். நல்லதாகப் போயிற்று. நெய்க்கு என்ன தெரியும், சூட்டைத் தவிர?

ஆனால் கைமுக்கு இன்னும் ஒழிந்தபாடில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. 2006-ல் அமெரிக்காவில் ஹெர்பர்ட் பென்சன் குழு ஓர் ஆய்வை வெளியிட்டது. இதய பைபாஸ் செய்துகொண்ட 1,802 நோயாளிகளை மூன்றாகப் பிரித்து, இரண்டு பிரிவினருக்காக முன்பின் தெரியாதவர்களைப் பிரார்த்திக்க வைத்தார்கள். ஒரு பலனும் தெரியவில்லை. பிரார்த்தனை நடப்பது உறுதியாகத் தெரிந்திருந்தவர்களில் 59 சதவீதம் பேருக்குச் சிக்கல்; தெரியாமலே பிரார்த்தனை பெற்றவர்களில் 52. ஆய்வு நேர்மையானது, பக்தர்கள் அதற்குச் சப்பைக்கட்டு கட்டக் கூடாது. பிரார்த்தனையை மாத்திரைபோல விற்கிறவர்களுக்கு அது சரியான அடி. ஆனால் மனு போட்டுப் பதில் வரவில்லை என்பதால் ஆபீசில் ஆளே இல்லை என்றாகுமா?

“ஆள் இருக்காருன்னும் ஆகாதுல்லா” என்றான். அதுவும் சரிதான்.

பக்தர்களான நம் பக்கத்திலும் வேகக்காரர்கள் உண்டு. பெருவெடிப்பு என்றதும், “பார்த்தாயா, படைப்பு நிரூபணமாகிவிட்டது” என்று கிளம்பிவிடுவார்கள். ஓர் ஆதி அணுவிலிருந்து பிரபஞ்சம் விரிந்தது என்று 1931-ல் சொன்ன பெல்ஜியத்து ஜார்ஜ் லெமைத்ர் கத்தோலிக்கப் பாதிரியார். 1951-ல் போப் பன்னிரண்டாம் பயஸ் அந்த அறிவியலைப் படைப்புக்குச் சான்றுபோல எடுத்துப் பேசினார். சந்தோஷப்பட்டிருக்க வேண்டிய லெமைத்ருக்கோ அது பிடிக்கவில்லை. தன் கோட்பாட்டை மதக் கேள்விகளோடு முடிச்சுப் போடக் கூடாது என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். எனக்கு அந்தப் பாதிரியார்மேல் பெரிய மரியாதை. சுமார் 1,380 கோடி ஆண்டுகள் பின்னோக்கிக் கணக்குப் போகிறது. ஒன்றுமே இல்லாமல் இருக்காமல் ஏன் ஏதோ ஒன்று இருக்கிறது என்பதற்கு எந்தக் கருவியை எங்கே வைத்து அளப்பது?

சுசீந்திரத்தில் அர்த்தஜாம பூசையை இந்திரனே வந்து செய்கிறான் என்பது நம்பிக்கை. அதனால் இரவு நடை சாத்துகிறவர் காலையில் திறப்பதில்லை என்றும், அர்ச்சகர்கள் “அகம் கண்டது புறம் கூறேன்” என்று சத்தியம் செய்தவர்கள் என்றும் சொல்வார்கள். அக்காள் மகனுக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. கண்டதைச் சொல்லி, இன்னொருவன் சோதித்துப் பார்த்தால்தானே அறிவு என்றான். அவன் படிப்புக்கு அதுதான் சட்டம். அதில் நான் குறுக்கே நிற்கவில்லை. சத்தியம் செய்தவரிடம் போய் அளவு கேட்காதே என்று மட்டும் சொன்னேன்.

வடை வாங்கித் தின்றுவிட்டுக் கன்னியாகுமரி பஸ் ஏறினோம். குமரி அம்மன் மூக்குத்தி ஒளியைக் கலங்கரை விளக்கமென்று நம்பிக் கப்பல்கள் பாறையில் மோதின, அதனால்தான் கிழக்கு வாசலை அடைத்தார்கள் என்ற கதையைப் பக்கத்து சீட்டு ஆச்சி சொன்னார். இவன் உடனே செல்போனில் கணக்குப் போட ஆரம்பித்தான்: கல்லின் அளவு, விளக்கின் வெளிச்சம், கடல் எத்தனை தூரம்.

“தடுக்க மாட்டியளா சித்தி?”

“நல்லாப் போடு மக்ளே. அது உனக்குள்ள கேள்வி.”