ஞாயித்துக்கிழமை மாத்திரை

மார்ச் 4

இன்னிக்கு ரெண்டாவது ஆடியோகிராம், அதான் காது எவ்வளவு கேக்குதுன்னு அளக்கற டெஸ்ட். மூணு வாரத்துக்கு முன்னாடி எடுத்தப்ப இடது காது மட்டும்தான் போயிருந்துச்சு, இப்ப வலதும் 55 டெசிபலுக்கு வந்துருச்சு, இடது 70. இந்த எண்ணு கூடக்கூட காது மந்தம்னு அர்த்தம். அந்த சின்ன ரூமுக்குள்ள ஹெட்ஃபோன மாட்டிட்டு உக்காந்து, சத்தம் கேட்டா பட்டன அமுக்கணும்னு நான் பாட்டுக்கு காத்துக்கிட்டே இருக்கேன், கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அந்தப் பொண்ணோட கை மட்டும் அசையுது, அப்பதான் உறைச்சுது, அவங்க சத்தம் போட்டுக்கிட்டேதான் இருக்காங்க, எனக்குத்தான் கேக்கலன்னு.

வார்த்தைய திருப்பிச் சொல்ற டெஸ்ட்ல 48 சதவீதம். பல்லுன்னு சொன்னாங்களா கல்லுன்னு சொன்னாங்களா, எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

டாக்டர் சொன்னது: வயசானா வர்ற காது மந்தம் வருசக்கணக்கா இறங்கும், திடீர்னு வர்றது பெரும்பாலும் ஒரு காதுல மூணு நாளைக்குள்ள வந்துரும், ரெண்டு காதும் வாரக்கணக்குல இப்படி ஏறி இறங்கிக்கிட்டே போனா ஆட்டோஇம்யூன் இன்னர் இயரா இருக்கலாம். நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தியே உள்காத போய் தாக்குது. மெக்கேப்னு ஒரு டாக்டர் 1979ல 18 பேர வச்சு எழுதுனதுக்கு அப்புறம்தான் இத ஒரு தனி வியாதியாவே பாக்க ஆரம்பிச்சாங்களாம். இதுதான்னு உறுதியா சொல்ற ஒரே ரத்த டெஸ்ட் இன்னும் கிடையாது.

மார்ச் 6

எம்ஆர்ஐல நரம்புக் கட்டி எதுவும் இல்ல. சிஃபிலிஸ் டெஸ்ட் எழுதுனப்ப ஒரு மாதிரி இருந்துச்சு, ஆனா அதுவும் காத இதே மாதிரி கெடுக்குமாம், அதான் எல்லாருக்கும் பாப்பாங்களாம். அதுவும் இல்ல. கண்ணு சிவக்குதா, மூட்டு வலிக்குதான்னு கேட்டாங்க, காலைல விரல் இறுக்கமா இருக்கும்னு சொன்னேன், குறிச்சுக்கிட்டாங்க.

நாளைல இருந்து ப்ரெட்னிசோலோன்ங்கற ஸ்டீராய்டு மாத்திரை 60 மில்லிகிராம், காலைல சாப்பிட்டுட்டு, நாலு வாரம். கூடவே வயித்துக்கு ஒண்ணு, கால்சியம், வைட்டமின் டி. இவரு ஒவ்வொண்ணையும் பேப்பர்ல பெருசா எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டிட்டாரு. வீட்ல இப்ப பாதிப் பேச்சு எழுத்துலதான் நடக்குது.

மார்ச் 11

ராத்திரி ரெண்டு மணி. தூக்கமே இல்ல. காதுக்குள்ள பழைய டியூப்லைட் மாதிரி ஙொய்ய்ன்னு ஒரு சத்தம், வெளி சத்தம் குறைய குறைய இது கூடுது. பசி வேற அப்படி பசிக்குது. சாயங்காலம் ஒண்ணுமில்லாததுக்கு பாப்பாகிட்ட கத்திட்டேன், அவ முகத்த பாத்ததும் அழுதுட்டேன். அது ஸ்டீராய்டுதான்னு தெரியும், ஆனா கத்துனது நான்தானே.

மார்ச் 16

இத எழுதியே ஆகணும். காலைல மாத்திரை அட்டைய அமுக்குனேன், டக்குன்னு ஒரு சத்தம். கை அப்படியே நின்னுருச்சு. ஒன்பது நாளா தினம் அதே அட்டையத்தான் அமுக்குறேன், ஒரு நாளும் சத்தம் வந்ததில்ல. ரெண்டாவது மாத்திரையும் டக். இவர கூப்பிட்டு கேக்குது கேக்குதுன்னு சொன்னேன், அவரு அட்டைய வாங்கி காலி குழிய எல்லாம் எனக்காக அமுக்கி அமுக்கிக் காட்டுனாரு.

ஏப்ரல் 3

வலது 30, இடது 50, வார்த்தை டெஸ்ட் 76 சதவீதம். ஸ்டீராய்டு வேலை செஞ்சுச்சுன்னா அதுவே இந்த வியாதிக்கு ஒரு அத்தாட்சிங்கறாங்க. இனி வாரத்துக்கு 10 மில்லியா குறைக்கணும். ஒரேயடியா நிறுத்தக்கூடாது, இத்தன நாள் ஸ்டீராய்டு வெளில இருந்து வந்ததால, உடம்புல அத சுரக்கற அட்ரினல் சுரப்பி சோம்பேறியாயிருக்கும், சட்டுன்னு நிறுத்துனா உயிருக்கே ஆபத்து. இத படிக்கற யாராவது முகம் வீங்குது, சுகர் ஏறுதுன்னு நீங்களா நிறுத்திராதீங்க, தயவுசெஞ்சு டாக்டர கேளுங்க.

ஏப்ரல் 28

20 மில்லிக்கு வந்து நாலு நாள். காலைல இடது காது அடைச்ச மாதிரி இருந்துச்சு, குளிச்சப்ப தண்ணி போயிருக்கும்னு நெனச்சேன், நெனக்கணும்னு ஆசைப்பட்டேன். சாயங்காலம் பாப்பா "அம்மா நான் அத மூணு தடவ சொல்லிட்டேன்"ன்னா.

மே 2

இடது மறுபடி 65. டாக்டர் மழுப்பாம பேசுனாங்க. முதல்ல வேலை செய்யற ஸ்டீராய்டு நிறைய பேருக்கு போகப்போக வேலை செய்யாமப் போயிரும், வருசக்கணக்கா அதையே சாப்பிடவும் முடியாது, எலும்பு கரையும். எதிர்ப்பு சக்திய அடக்கற மெத்தோட்ரெக்சேட் மாத்திரை பத்தி கேட்டப்ப, 2003ல வெளியான ஆய்வுல 67 பேர்ல பாதிப் பேருக்கு அதையும் மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரையையும் குடுத்துப் பாத்ததுல, வெறும் மாத்திரைய விட அது கேக்கற சக்திய காப்பாத்தலன்னு அவங்களே சொல்லிட்டாங்க. அப்புறம் ஏன் குடுக்கறீங்கன்னேன். எனக்கு விரல் மூட்டுலயும் வீக்கம் இருக்கு, வாத நோய் டாக்டரும் அததான் சொல்றாங்க, மூட்டுக்கு உதவும், காதுக்கு உதவுனா பாக்கலாம், இல்லன்னா எதிர்ப்பு சக்தி கிளப்பற அழற்சிய அடக்கற அனகின்ரா ஊசி இருக்கு, செவிப்பறை வழியா ஸ்டீராய்டு ஊசி போடலாம், எல்லாம் போனாலும் ஆபரேஷன் பண்ணி உள்காதுல கருவி வைக்கற காக்ளியர் இம்பிளான்ட் இருக்குன்னாங்க. இப்படி உள்ளத உள்ளபடி சொன்னதுதான் எனக்கு தெம்பா இருந்துச்சு.

இப்போதைக்கு ஸ்டீராய்டு திரும்ப 40. ஹெபடைடிஸ், டிபி, ஈரல், ரத்த அணு எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சு. குழந்தை பெத்துக்கற எண்ணம் இருக்கான்னு ரெண்டு தடவ கேட்டாங்க, கருவுக்கு ஆகவே ஆகாதாம்.

மே 10

முதல் ஞாயிறு. மெத்தோட்ரெக்சேட் 2.5 மில்லில மூணு மாத்திரை, போகப்போக ஆறு வரைக்கும் ஏத்துவாங்க. வாரத்துக்கு ஒரே ஒரு நாள். தினம் சாப்பிடறதுன்னு தப்பா புரிஞ்சு செத்துப்போனவங்களே இருக்காங்கன்னு சொல்லி, சீட்டுல ஞாயிறுன்னு எழுதி கீழ ரெண்டு கோடு போட்டாங்க. மறுநாள் ஃபோலிக் ஆசிட். அட்டைய தனி டப்பால போட்டு பாப்பா கைக்கு எட்டாத மேல் தட்டுல வச்சாச்சு.

ஜூன் 9

திங்கக்கிழம ஆனா உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு, செவ்வாய் மத்தியானம் சரியாயிருது. வாய்ப்புண் ஒண்ணு வந்துச்சு, போன்ல சொன்னேன், ரத்தம் எடுத்துப் பாத்துட்டு ஃபோலிக் ஆசிட் கூட்டுனாங்க. பாப்பாவுக்கு காய்ச்சல், அவ பக்கத்துல படுக்காம நாலு நாள் தள்ளிப் படுத்தேன். எனக்கு காய்ச்சல் வந்தா மறுநாள் வரைக்கும் காத்திருக்கக்கூடாது, உடனே போகணும். வேற டாக்டர் ஆன்டிபயாட்டிக் எழுதுனாலும் இந்த மாத்திரைய பத்தி சொல்லணும், சிலது சேர்ந்தா ரத்த அணு விழுந்துரும்.

ஜூலை 12

பத்தாவது ஞாயிறு. ஸ்டீராய்டு 7.5க்கு வந்துட்டேன், போன தடவ 20லயே சறுக்குனேன். வலது 35ல நிக்குது. இடது 60, அது இனி வரும்னு தோணல, போன வாரம் அதுல மெஷின் வச்சாச்சு. ரெண்டு நாள் பேப்பர் கசங்கறதே இடி மாதிரி இருந்துச்சு, இப்ப பழகிருச்சு.

மாத்திரையாலயா, தானாவே அடங்கியிருக்கான்னு டாக்டராலயும் சொல்ல முடியல. விரல் வீக்கம் வடிஞ்சது மட்டும் நிச்சயம். நேத்து ராத்திரி லைட்ட அணைச்சதுக்கு அப்புறம் பாப்பா இடது பக்கம் படுத்துக்கிட்டு ஏதோ கேட்டா, உதட்ட பாக்க முடியாத இருட்டு, மெஷினயும் கழட்டி வச்சிருந்தேன். நான் திரும்பி வலது காத குடுத்தேன். நாளைக்கு ஸ்கூல் இருக்கான்னு கேட்டிருக்கா. இல்ல, ஞாயிறுன்னேன். அப்ப உனக்கு மாத்திரைன்னா.

ஆறும் போட்டாச்சு. வியாழக்கிழம ஈரல் டெஸ்ட்.