புரட்டாசி முதல் ஐப்பசி வரை: ரேக் அறைக் குறிப்புகள்

2025 அக்டோபர் 8, புதன்

மாலை ஆறுக்கு மேல் எல்லோரும் போன பிறகு சர்வரின் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். டெல் பவர்எட்ஜ் ஆர்720. 2012இல் வந்த ரகம். உள்ளே இன்டெல் ஜியான் இ5-2620 இரண்டு. ஆறு கோர், 2 கிகாஹெர்ட்ஸ். லினக்ஸில் கேட்டால் மாடல் எண் (ப்ராசஸரின் தலைமுறையைக் காட்டும் எண்) 45 என்கிறது. புது சர்வருக்குப் பணம் இல்லை என்று மேடம் இரண்டாவது முறையாகச் சொல்லிவிட்டார். ப்ராசஸரை மட்டும் மாற்றலாம் என்றேன். "மாத்தினா ஓடுமா?" என்று கேட்டார். ஓடும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

அக்டோபர் 9, வியாழன்

அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷனுக்காகக் கண் அளவு எடுத்தார்கள். ஒரே கண்ணுக்கு மூன்று தடவை. உள்ளே வைக்கப்போகும் லென்ஸின் பவரை இதை வைத்துத்தான் முடிவு செய்வார்களாம். மூன்று தடவையும் நாடியை அந்தத் தாங்கியில் வைத்துக்கொண்டு மூச்சுக்கூட விடாமல் இருந்தாள்.

அக்டோபர் 10, வெள்ளி

இரவு இரண்டு மணி. தூக்கம் இல்லை. அதனால் வாங்க நினைக்கும் ப்ராசஸரின் பெயரைப் பிரித்து எழுதி வைக்கிறேன்.

இ5-2650 வி2. கோட்டுக்குப் பின் முதல் எண் 2 என்றால், ஒரு போர்டில் இரண்டு சேர்ந்து ஓடும். 1 என்று தொடங்குபவை தனி ஆள். இ5-1650 வி2 விலை குறைவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால் ஜோடி சேராது. அடுத்த எண் ப்ராசஸர் உட்காரும் சாக்கெட்டின் சாதி. 6 என்றால் எல்ஜிஏ2011, 4 என்றால் எல்ஜிஏ1356. இ5-2450 பார்ப்பதற்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், இந்தப் போர்டில் உட்காராது. கடைசியில் எல் இருந்தால் மின்சாரம் மிச்சம், வேகமும் குறைவு.

பிறகு அந்த வி. ஒன்றுமே போடாதது 2012இன் சாண்டி பிரிட்ஜ். வி2 என்பது 2013இன் ஐவி பிரிட்ஜ். இரண்டும் ஒரே சாக்கெட், ஒரே டிடிஆர்3 ரேம். வி3 வந்தபோது சாக்கெட்டின் பெயர் எல்ஜிஏ2011-3. பெயரில் 2011 இருக்கிறது, ஊசிக் கணக்கும் அதேதான். ஆனால் ஓர வெட்டு வேறு, ரேம் டிடிஆர்4. எத்தனை பேர் இதில் ஏமாந்திருப்பார்கள்! ஆக என் சர்வருக்குப் போகக்கூடிய கடைசி வாசல் வி2. அதற்கு மேல் கிடையாது.

உட்காருவதும் ஓடுவதும் வேறு வேறு. வி2 இந்த சாக்கெட்டில் அழகாக உட்காரும். ஆனால் பயாஸ் (சர்வர் எழும்போது முதலில் ஓடும் மென்பொருள்) பழசாக இருந்தால் உட்கார்ந்தபடியே கிடக்கும், திரையில் ஒரு எழுத்துகூட வராது. 1இல் தொடங்கும் பயாஸுக்கு வி2 யாரென்றே தெரியாது. 2இல் தொடங்குவது வேண்டும். அதையும் பழைய ப்ராசஸர் உள்ளே இருக்கும்போதே ஏற்ற வேண்டும். வரிசை மாறினால் எல்லாவற்றையும் கழற்றித் திரும்பப் பழையதை மாட்ட வேண்டியதுதான்.

நம்முடையது 1.3.6.

அக்டோபர் 11, சனி

மதுரையில் வேலை பார்க்கும் நண்பனிடம் பேசினேன். "எதுக்குடா 2650? 2697 வி2 போடு, பன்னிரண்டு கோர். எடுத்தா பெரிசா எடு" என்கிறான். அவனுக்கு ஏசி அறை இருக்கிறது. 2697 வி2 130 வாட். நம்முடையது 95 வாட். 2650 வி2வும் 95 வாட். எட்டு கோர், 2.6 கிகாஹெர்ட்ஸ், 20 எம்பி கேஷ். இப்போது இருக்கிற ஹீட்சிங்க் (ப்ராசஸரின் சூட்டை இழுக்கும் உலோகம்) அப்படியே போதும், ஃபேன் கூடுதலாகக் கத்தாது, யுபிஎஸ் கணக்கும் மாறாது. மதிப்பெண் போடும் நம் மென்பொருள் ஒரு நேரத்தில் ஒரு கோரைத்தான் போட்டுப் பிழியும். அதற்குப் பன்னிரண்டு கோர் இருந்தென்ன, இருபது இருந்தென்ன? கோர் ஒவ்வொன்றின் வேகம்தான் வேண்டும்.

95க்கு 95. இதில் மாறப்போவதில்லை.

அக்டோபர் 13, திங்கள்

சென்னைக் கடைக்குப் பணம் அனுப்பினேன். இ5-2650 வி2, இரண்டு, எஸ்ஆர்1ஏ8 (ப்ராசஸரின் மூடியில் பொறித்திருக்கும் இன்டெல் குறியீடு) என்று எழுத்து எழுத்தாகத் தட்டி அனுப்பினேன். "சரி சார்" என்று பதில் வந்தது.

அக்டோபர் 14, செவ்வாய்

ரேமையும் பார்த்துவிட்டேன். 8 ஜிபி, பதினாறு துண்டு, 128. எல்லாம் வேகம் 1600 என்று எழுதியது. 2620 தாங்கும் உச்ச வேகம் 1333. இத்தனை வருடமாக இந்த ரேம் கால் கட்டப்பட்டு ஓடியிருக்கிறது. வி2 வந்தால் 1600இலேயே ஓடும். யாரும் கேட்காத விஷயம், ஆனாலும் எனக்கு மனசு நிறைந்தது.

அக்டோபர் 16, வியாழன்

மழை. பார்சல் வரவில்லை.

அக்டோபர் 17, வெள்ளி

வந்துவிட்டது.

ஒன்று சரி. மூடியில் இ5-2650 வி2, எஸ்ஆர்1ஏ8. இன்னொன்றில் இ5-2650 மட்டும். வி2 இல்லை. எஸ்ஆர்0 என்று தொடங்குகிறது. விளக்கைச் சாய்த்துப் பிடித்து நாலு தடவை பார்த்தேன், ஏதாவது தேய்ந்துபோயிருக்குமோ என்று. தேயவில்லை. அது வேறு தலைமுறை.

கடைக்காரரைக் கூப்பிட்டேன். "ரெண்டும் 2650 தானே சார்? அதே சாக்கெட்தான், போட்டுப் பாருங்க." எனக்குக் கை நடுங்கியது. தனித்தனியாகப் போட்டால் இரண்டுமே இந்தப் போர்டில் ஓடும், அதுதான் சங்கடம். சேர்ந்து ஓடாது. இரண்டு சாக்கெட்டிலும் ஒரே மாடல், ஒரே ஸ்டெப்பிங் (சிப்பின் திருத்தப் பதிப்பு) இருக்க வேண்டும். சாண்டியையும் ஐவியையும் ஒரே போர்டில் ஜோடி சேர்க்க வழியே இல்லை. பத்து நிமிடம் பொறுமையாகச் சொன்னேன். "தீபாவளி கழிச்சு அனுப்புறேன்" என்றார்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. அம்மா புகைக்குப் பயந்து உள்ளறையிலேயே இருந்தாள். வெள்ளிக்கிழமை ஆபரேஷன்.

அக்டோபர் 22, புதன்

இன்று வேறு ஒரு கவலை. இவ்வளவு செய்து எத்தனை வருடம் ஓட்டுவோம்? ரெட் ஹாட் லினக்ஸ் 10 இந்த ஆண்டு மே மாதம் வந்தபோதே எக்ஸ்86-64-வி3 என்ற ப்ராசஸர் தகுதி நிலையைக் கேட்டது. அதற்கு ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுப்பு ப்ராசஸரில் வேண்டும். ஏவிஎக்ஸ்2 ஹாஸ்வெல்லில்தான் வந்தது, அதாவது ஜியான் வி3இல். ஐவி பிரிட்ஜில் ஏவிஎக்ஸ் உண்டு, 2 இல்லை. எக்ஸ்86-64இன் வி3 வேறு, ஜியான் பெயரிலுள்ள வி3 வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு அரை மணி நேரம் போனது. 9இல் நின்றுவிட்டால் 2032 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். ரெட் ஹாட்டை ஒட்டிய இலவச லினக்ஸான அல்மாலினக்ஸ் 10இல் பழைய ப்ராசஸர்களுக்கென்று எக்ஸ்86-64-வி2 பதிப்பு தனியாகவே வைத்திருக்கிறார்கள். அந்தப் புண்ணியவான்கள் நன்றாக இருக்கட்டும்.

ஏழு வருடம். போதும். மேடத்திடம் இதை எழுதியே கொடுக்க வேண்டும்.

அக்டோபர் 24, வெள்ளி

இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது. சொட்டு மருந்து ஒரு நாளைக்கு ஆறு தடவை. குனியக் கூடாது, தலைக்குத் தண்ணீர் கூடாது. "நீ ஆபீஸ் போ, நான் பாத்துக்கிடுதேன்" என்கிறாள். ஒற்றைக் கண்ணால் எப்படிப் பார்த்துக்கொள்வாள்?

அக்டோபர் 25, சனி

இரண்டாவது வந்தது. எஸ்ஆர்1ஏ8. இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

பயாஸ் நாள். காலையிலிருந்தே வானம் கறுத்திருந்தது. பயாஸ் எழுதும்போது கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதை எழுதக்கூட விரும்பவில்லை. யுபிஎஸ் பேட்டரி முழுதாக ஏறும்வரை காத்திருந்தேன். அண்ணாச்சியிடம், "ஒரு மணி நேரத்துக்கு மெயின் சுவிட்ச் பக்கம் யாரையும் விட்ராதீங்க அண்ணாச்சி" என்றேன். நாற்காலியைப் போட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

முதலில் ஐடிராக் (தூரத்திலிருந்தே சர்வரைப் பார்த்துக்கொள்ள டெல் வைத்திருக்கும் பகுதி). பிறகு பயாஸ் 1.6.0. ரீபூட். பிறகு 2.9.0. ஒரே தாவலில் போயிருக்கலாம் என்பார்கள். நான் படி வைத்துத்தான் ஏறுவேன். அந்தக் கோடு 100 வரை நகர்வதற்குள் சட்டை நனைந்துவிட்டது. திரும்ப எழுந்து, 2620ஐ வைத்துக்கொண்டே, 2.9.0 என்று காட்டியது. அண்ணாச்சி காபி வாங்கி வந்தார். காசு கொடுத்தேன், வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

இடி அதற்கு அப்புறம்தான் இடித்தது.

அக்டோபர் 29, புதன்

ஒரு வாரம் பழையதோடு புது பயாஸ் ஓடட்டும். பிழை வந்தால் எதனால் என்று தெரிய வேண்டும்.

அக்டோபர் 31, வெள்ளி

நவம்பர் 10 செமஸ்டர் தேர்வு. நாளைக்கே மாற்றிவிடுகிறேன்.

நவம்பர் 1, சனி

ஒரு ஸ்க்ரூவைத் தளர்த்தி, முப்பது விநாடி பொறுத்து, அதற்குக் குறுக்கே இருப்பதை. ப்ராசஸருக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவே பூசிய பேஸ்ட் கல்லாகியிருந்தது. ஹீட்சிங்க்கை மெல்லத் திருகித்தான் எடுக்க வந்தது, இழுத்தால் ப்ராசஸரும் கூட வந்துவிடும். நெம்புகோல் இரண்டு, எதை முதலில் திறப்பது என்று பூட்டுப் படம் போட்டிருக்கிறார்கள். ப்ராசஸரின் முக்கோணக் குறி சாக்கெட்டின் முக்கோணத்துக்கு நேராக. ஊசிகள் சாக்கெட்டில்தான் இருக்கின்றன, ஒன்று வளைந்தாலும் போர்டே போச்சு. தட்டில் முட்டை வைப்பதுபோல வைத்தேன்.

சுவிட்சைப் போட்டதும் ஃபேன்கள் முழு வேகத்தில் அலறின. திரை கறுப்பு. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். பிறகு டெல் என்று வந்தது.

மாடல் 62. ஸ்டெப்பிங் 4. இரண்டு சாக்கெட்டிலும். 32 த்ரெட்.

சத்தம் போட்டு அண்ணாச்சியைக் கூப்பிட்டுவிட்டேன். அவர் அந்த எண்ணைப் பார்த்து, "62ஆ? சரி, நல்லாருக்கட்டும்" என்றார்.

இரவு பதினொன்றரை. வீட்டுக்கு வந்து ஐடிராக்கில் பார்த்தால் ரேம் 112 என்கிறது.

நவம்பர் 2, ஞாயிறு

112. 16 ஜிபி எங்கே?

காணாதவை பி2, பி6 என்ற ரேம் இடங்கள். துண்டுகளை இடம் மாற்றினேன். பிழை துண்டோடு போகவில்லை, அதே இடத்தில் நிற்கிறது. அப்படியானால் ரேம் குற்றமில்லை. பி2, பி6, பி10 மூன்றும் ஒரே சேனல் (ரேமுக்கும் ப்ராசஸருக்கும் இடையிலுள்ள பாதை). சேனலை நடத்துவது ப்ராசஸர். பி வரிசை இரண்டாவது சாக்கெட்டுடையது. அங்கே ஏதோ தொடவில்லை. ஊசியா, அழுக்கா, ஹீட்சிங்க் ஒரு பக்கம் கூடுதலாக அழுத்துகிறதா? ஊசியாக மட்டும் இருக்கக் கூடாது.

சொட்டு மருந்து மதியம் ஒரு தடவை விட்டுப்போனது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

நவம்பர் 3, திங்கள்

பணி முடிந்து ஏழு மணிக்குத் திறந்தேன். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து வரிசை வரிசையாகப் பார்த்தேன். 2011 ஊசி. நட்ட நாற்று மாதிரி எல்லாம் ஒரே சாய்வு. ஒன்றுகூடத் தலை திரும்பவில்லை. பிறகு ப்ராசஸரைக் கவிழ்த்தேன். தங்கப் புள்ளிகளின் ஓரத்தில் எள்ளளவு சாம்பல் பொட்டு. பேஸ்ட். சனிக்கிழமை என் விரலில் இருந்தது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் ஒரே திசையில் துடைத்துக் காய வைத்தேன். ஸ்க்ரூக்களைக் குறுக்கு மறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினேன்.

சுவிட்சில் கை வைக்கும்போது கரண்ட் போய்விட்டது. மழை. பேட்டரி 40 சதம். இன்று வேண்டாம்.

நவம்பர் 4, செவ்வாய்

காலை 6:10. 128. பி2, பி6 இரண்டும் இருக்கின்றன, 1600இல். முழுச் சுமை கொடுத்து ஓட விட்டிருக்கிறேன், வெப்பத்தை ஐடிராக்கில் பார்க்கலாம். ஏழு மணிக்கு மருந்து விட வேண்டும். கிளம்புகிறேன்.